பாம்பின் கண்ணாடிப் பெட்டியும் ஈரப்பதமும்

காற்றில் கலந்துள்ள நீராவியின் அளவை ஈரப்பதம் என்கிறோம். விடியற்காலையில் பால்மரம் சீவச் செல்வோர் இதனை உடலால் உணர்வர். வெயில் ஏறியதும் அது குறைவதையும் அறிவர். காற்றுச் சூடேறும்போது, அது கொள்ளக்கூடிய நீராவியின் அளவு பெருகுகிறது. புதிதாக நீர் சேராவிடில், ஈரப்பத விழுக்காடு இறங்குகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பைக் குளிர்நாடுகளில் பலர் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கின்றனர். அங்கும் இவ்விதியே செயற்படுகிறது. வெப்பவிளக்கால் காற்று உலர்கிறது; கம்பிவலை மூடி வழியே ஈரம் வெளியேறுகிறது. இப்பாம்பிற்கு ஏறத்தாழ 60 விழுக்காடு ஈரப்பதம் தேவை. குறைந்தால், சட்டை முழுமையாக உரியாது துண்டு துண்டாய் ஒட்டிக்கொள்ளும். பாம்பிற்கு இமை இல்லை. கண்ணைக் காப்பது ஒளி ஊடுருவும் செதிலே. அதுவும் சட்டையோடு கழல வேண்டும். கழலாத செதிலைக் கையால் பிய்த்தால் கண்ணே கெடக்கூடும்.

ஆதலின், பெட்டியுள் ஈரமானி வைத்து நாள்தோறும் அளவு பார்த்தல் வேண்டும். அகன்ற நீர்த்தட்டு வைத்தல், மூடியின் ஒரு பகுதியை மறைத்தல், ஈரப்பாசி இட்ட மறைவிடம் அமைத்தல் ஆகியவை பயன் தரும். ஆயினும் காற்றோட்டத்தை முற்றாக அடைத்தலாகாது. தரை எந்நேரமும் நனைந்திருப்பின் வயிற்றுச் செதில்கள் அழுகும். சுவாச நோயும் பற்றும்.

செல்வங்களே, தோட்டத்தில் காணும் பாம்பைப் பிடித்துப் போத்தலில் அடைக்க ஒருபோதும் எண்ணாதீர்கள். நஞ்சுள்ளதாயின் உங்கள் உயிருக்கே கேடு. நஞ்சற்றதாயின் அதன் உயிருக்குக் கேடு. அளந்து காக்க இயலாத உயிரை அடைத்து வைத்தல் அறமாகாது என்பதை நாம் அனைவரும் நினைவிற் கொள்வோமாக.