நெறிகட்டிக்குள் ஒரு புரதம்

அன்புள்ள வாசகருக்கு,

'பிசிஎல்-6 என்ற புரதம் நம் எதிர்ப்புச் செல்களுக்குள் இருந்துகொண்டே மரபணுக்களை அடக்குகிறதாமே, மருந்து கொடுத்து அதை ஒழித்தால் எதிர்ப்புச் சக்தி கூடுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது, குறையும். அந்தப் புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளை 1997இலேயே ஆராய்ந்துவிட்டார்கள். அவற்றால் தேர்ந்த ஆன்டிபாடிகளை உருவாக்க முடியவில்லை. போதாததற்கு, இதயத்திலும் நுரையீரலிலும் கடும் அழற்சி வேறு.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறிகட்டுமே, அந்த நிணநீர்க் கணுவுக்குள், ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிந்து பெருகும். பெருகும்போதே தம் ஆன்டிபாடி மரபணுவைத் தாமே சிதைத்து மாற்றிக்கொள்ளும். பெரும்பாலான மாற்றங்கள் வீண். எங்கோ ஒன்று கிருமியை முன்னைவிட இறுகப் பிடிக்கும். வேறொரு செல்லில் டிஎன்ஏ இப்படிச் சேதமானால் பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டு, செல் பிரிவதை நிறுத்தும், அல்லது செல்லையே சாகடிக்கும். பிசிஎல்-6 அடக்குவது இந்தக் காவலைத்தான். பி53 மரபணுவின் மேல் உட்கார்ந்து, துணைப் புரதங்களை வரவழைத்து, அங்குள்ள டிஎன்ஏவை இறுக்கி வாசிக்க முடியாமல் செய்துவிடுகிறது. ரிக்கார்டோ டல்லா-ஃபவேராவின் ஆய்வுக்குழு 2004இல் இதை வெளியிட்டது. புற்றுநோயைத் தடுக்கும் புரதத்தை உடலே வேண்டுமென்று வாயடைக்கிறது! எனக்கு இன்றும் இது நெஞ்சழுத்தமான ஏற்பாடாகவே படுகிறது.

அதனால்தான் இந்த அடக்கலுக்குக் கெடுவும் உண்டு. தேறிய செல்லில் பிளிம்ப்-1 என்ற இன்னொரு புரதம் தலையெடுக்கிறது. அதுவும் அடக்கும் ரகமே. பிசிஎல்-6ஐயும், செல்லைப் பிரியத் தூண்டும் மிக் மரபணுவையும் அது அமுக்கிவிடும். பிறகு அந்தச் செல் பெருகாது. ஆன்டிபாடியைக் கொட்டும் பிளாஸ்மா செல்லாகிவிடும். பிசிஎல்-6 கை ஓங்கியிருக்கும்வரை பிளிம்ப்-1ஐ எழவிடாது என்பதையும் சொல்லவேண்டும்.

சிலருக்கு மூன்றாம் குரோமோசோம் உடைந்து வேறொன்றோடு ஒட்டிக்கொள்கிறது. பிசிஎல்-6 வேறொரு மரபணுவின் சுவிட்சில் மாட்டி, அணையாமல் ஓடுகிறது. நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. 1993இல் இந்த மரபணு அகப்பட்டதே அத்தகைய கட்டிகளில்தான். பிசிஎல்-6ஐச் சிதைக்கும் மருந்துகளை இப்போது இந்த நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள். நீங்களும் நானும் தேடவேண்டிய மருந்தல்ல அது.

டி செல்களில் இதற்கு வேலை உண்டா என்றும் கேட்டீர்கள். உண்டு. அந்தக் கணுவில் தேறிய பி செல்லுக்குக் கைகொடுக்கும் டி செல் வகை உருவாகவே பிசிஎல்-6 வேண்டும். அது உறுதியானது 2009இல்தான்.

அன்புடன்,
கட்டுரையாளர்