மாதவிடாய் பிந்துவதும் இருதயமும்

மாதவிடாய் மாதக்கணக்கில் பிந்துதல், முகத்தில் மயிர் வளர்தல் ஆகியன சூலக நீர்க்கட்டி நோயின் அறிகுறிகளாகலாம். மெலிந்தவருக்கும் இது வரும். "பிள்ளைகள் பிறந்துவிட்டன, இனிப் பயமில்லை" என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் இந்நோயுள்ள பலரின் உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. அதனால் இரத்தத்தில் சீனி, கொழுப்பு, இரத்த அழுத்தம் கூடி, பிற்காலத்தில் மாரடைப்பு வரலாம்.

காணியை விட்டு வந்தபின் நமக்கு உடலுழைப்புக் குறைந்தது. பாணும் சீனித் தேநீரும் கூடின. ஆகவே,

1. ஆண்டுதோறும் இரத்த அழுத்தத்தை அளப்போம்.

2. 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரத்தச் சீனியைச் சோதிப்போம். அரச வைத்தியசாலையில் இவை இலவசம்.

3. நாளும் அரைமணி நேரம் விரைந்து நடப்போம்.

4. சீனியைக் குறைத்து, சோற்றுடன் கீரையும் பருப்பும் சேர்ப்போம்.

குடும்பநல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாது சொல்வோம். நம் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்போம்.