ஒரே கூரை, இரண்டு சுபாவம்



புது வீட்டை மந்திரிக்க வரும்படி என்னை அழைக்கிறவர்கள் பலர். கட்டுமுன்பே வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் வெகு சிலர். சில வாரங்களுக்கு முன் அவ்விதம் இருவர் அறைவீட்டுக்கு வந்தார்கள். அக்காள், தங்கை. மூத்தவர் முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி நர்சாக ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர், விவாகம் செய்துகொள்ளாதவர். இளையவர் கணவனை இழந்தவர். பிள்ளைகள் தூர ஊர்களில் பிழைக்கிறார்கள். அக்காளின் ஓய்வுப் பணத்தையும், தங்கை தன் பழைய வீட்டை விற்ற பணத்தையும் ஒன்றாகப் போட்டு, நாலு சென்ட் மனையில் இருவருக்குமாக ஒரு வீடு கட்டப் போகிறார்கள். இதைப் பத்திரிகையில் எழுத அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். “பேர் போடாதீங்க சாமி” என்றார் தங்கை. “போடாட்டாலும் ஊருக்குத் தெரியும்” என்றார் அக்காள்.

விஷயம் சிறிதன்று. கையில் இருந்ததெல்லாம் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறிவிட்ட பிறகு ஒத்துவரவில்லை என்றால், பிரிந்து போய் வேறு வீடு பார்க்க இருவரிடமும் பணம் இராது. இருவருடைய சுபாவமோ நேர் எதிர். அக்காள் இரவு எட்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டு, காலை நாலு மணிக்கு எழுந்திருப்பார். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் அவருக்கு நிம்மதி இல்லை. தங்கை தையற்காரி. இரவு பதினொரு மணி வரைக்கும் மிஷின் ஓடும், பக்கத்தில் தொலைக்காட்சியும் ஓடும். சாயங்காலத்தில் தையல் பழக வரும் சிறுமிகள் வேறு. அவர் இருக்கும் இடத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

பெத்தானியாவில் வசித்த மார்த்தாள், மரியாள் கதையை இங்கே எடுத்து நீட்டப் போகிறேன் என்று எதிர்பார்த்தீர்களானால், இல்லை. அர்ச். லூக்காஸ் தம் சுவிசேஷத்தின் 10-ம் அதிகாரத்தில் அந்தச் சகோதரிகளைக் காட்டுகிறாரேயன்றி, அவர்கள் வீட்டில் அறைகள் எப்படி இருந்தன என்று ஒன்றும் சொல்லவில்லை. நமக்கு இன்று வேண்டியது அறைகளைப் பற்றிய பாடம்.

வரைபடத்தை மேசைமேல் விரித்தேன். நடுவில் ஒரு கூடம். அதன் இரு பக்கமும் பத்துக்குப் பத்து அடியில் இரண்டு படுக்கையறைகள். இரண்டு கதவுகளும் கூடத்தைப் பார்த்து, ஒன்றுக்கொன்று நேர் எதிரே. “ரெண்டு பேருக்கும் சமமாத்தானே இருக்கு சாமி, இதிலே என்ன குறை?” என்று தங்கை கேட்டார். சமமாகத்தான் இருந்தது. கூடத்தில் தொலைக்காட்சி, கூடத்தில் மிஷின், கூடத்தில் சிறுமிகள். எட்டரை மணிக்குப் படுக்கும் அக்காளுக்கும் அந்தச் சத்தத்துக்கும் இடையில் ஒரே ஒரு பலகைக் கதவு.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு பழைய ஓட்டு அறைவீட்டில் துணைக் குருவாக இருந்தேன். பங்குச் சுவாமியார் வயதானவர். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, கட்டளை ஜெபத்தை வாய்விட்டுச் சொல்வார். நடுநடுவே தொண்டையைச் செருமுவார். நான் நள்ளிரவு தாண்டியும் வாசித்துக்கொண்டிருக்கிறவன். எங்கள் அறைகளுக்கு நடுவில் இருந்த சுவர் ஒன்றரை அடிக் கனம், கோட்டைச் சுவர் போல. அப்படியிருந்தும் நான் ஏட்டைப் புரட்டுவது அவருக்குக் கேட்டது. அவர் செருமுவது என் காதுக்குள்ளேயே கேட்டது. அவர் வேண்டுமென்று செய்கிறார் என்று நான் நினைத்தேன். நான் வேண்டுமென்று செய்கிறேன் என்று அவர் நினைத்தார். ஏறக்குறைய இரண்டு வருஷம் இப்படிக் கழிந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஓடு மாற்ற வந்த மேஸ்திரிதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். நடுச்சுவர் உத்திர மட்டத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓடு வரைக்கும் வெறும் வெளி. சத்தம் சுவரைத் துளைத்து வரவில்லை. சுவரைத் தாண்டி வந்தது. என் விளக்கு வெளிச்சமும் ஓட்டின் அடியில் பட்டு அவர் கட்டில்மேல் விழுந்திருக்கிறது. என் அறைக்கு மட்டும் இடுக்கில்லாமல் பலகை அடித்து மச்சு போட்டார்கள். இரண்டு நாள் வேலை. பெரிய சுவாமியாரின் சுபாவத்தைப் பற்றி மேற்றிராணியாருக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த நீண்ட கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

இதில் அடங்கிய சாஸ்திர உண்மையைக் கொஞ்சம் கவனியுங்கள். சத்தத்தை அளக்கும் அளவைக்கு டெசிபெல் என்று பெயர். இரு புறமும் நன்றாகப் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 45 டெசிபெல் அளவு சத்தத்தைத் தடுக்கும். கனத்தை இரட்டித்து ஒன்பது அங்குலமாக்கினால் 90 ஆகிவிடும் என்று எண்ணாதீர்கள், ஏறக்குறைய 50-தான். அதே சுவரில் அடியில் இடுக்குள்ள சாதாரணக் கதவு ஒன்றை வைத்தால், அந்தக் கதவு 20-க்கு மேல் தடுப்பது அரிது. உரக்க வைத்த தொலைக்காட்சி 70 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால் மீதியை நீங்களே கணக்குப் பார்க்கலாம். ஆகையால் அமைதி வேண்டுமென்று சுவரின் கனத்தில் பணத்தைப் போடுகிறவர்கள் வீணாகப் போடுகிறார்கள். கதவு எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கிறது, இடுக்கு எங்கே என்பதே பெரிய கேள்வி. இரண்டு அறைகளுக்கும் நடுவில் சாமான் அறையோ, துணி நிறைந்த அலமாரி வரிசையோ வந்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது.

நிற்க. இரு சுபாவத்தாருக்கென்று தனியாக யோசித்துக் கட்டிய வீடு உலகத்தில் உண்டா என்று அக்காள் கேட்டார். உண்டு. மெக்சிகோ நகரத்தில், சான் ஆங்கெல் என்ற பகுதியில் இருக்கிறது. தியேகோ ரிவேரா, ஃபிரீடா காலோ என்ற ஓவியத் தம்பதிகளுக்காக ஹுவான் ஓகோர்மன் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1931, 1932-ம் ஆண்டுகளில் கட்டியது. கணவர் 1886-ல் பிறந்தவர், மனைவி 1907-ல் பிறந்தவர். அவர் பருத்த உடம்புக்காரர். பொதுக் கட்டடங்களின் பெரிய பெரிய சுவர்களை நிரப்பி வரைந்தவர். ஃபிரீடாவோ சிறிய உருவம். பெரும்பாலும் சிறிய படங்கள், அவற்றிலும் பல தம்முடைய முகத்தையே வரைந்தவை. ஆறு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் வலது கால் மெலிந்து, 1925-ல் பஸ் விபத்தில் முதுகெலும்பும் அதே காலும் முறிந்து, வாழ்நாளெல்லாம் வேதனைப்பட்டவர்.

ஓகோர்மன் ஒரு வீட்டை இரண்டாகப் பங்கிடவில்லை; இரண்டு வீடுகளாகவே கட்டினார். கணவருக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய வீடு, இரண்டு மாடி உயரத்துக்கு வெளிச்சம் விழும் சித்திரக்கூடம். மனைவிக்கு நீல வர்ணத்தில் சிறிய வீடு. சுற்றிலும் மதிலுக்குப் பதிலாகக் கள்ளிச்செடி வேலி. இரண்டு வீட்டின் உச்சியையும் சேர்த்து ஒரு ஒடுங்கிய பாலம். 1934-ல் தம்பதிகள் அங்கே குடியேறினார்கள்.

யோசனை அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. அவரவர் வேலைக்கு ஏற்ற அளவில் அவரவர் இடம். சமமாக இருக்கவேண்டுமென்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பாலத்தின் இடத்தைப் பாருங்கள். ஃபிரீடா தம் கணவரின் வீட்டுக்கு அந்தப் பாலத்தின் வழியே போகவேண்டுமானால், வீட்டின் வெளிப்புறத்தில் சுவரை ஒட்டிய குறுகலான படிகளில் மொட்டை மாடிக்கு ஏறவேண்டும். கால் ஊனமான பெண்ணுக்கு அந்தப் படி! கண்ணுக்கு நன்றாக இருந்தது. காலுக்கு நன்றாக இல்லை.

அவர்கள் 1939-ல் பிரிந்தார்கள். 1940-ல் மறுபடியும் சேர்ந்தார்கள். ஆனால் ஃபிரீடா தாம் பிறந்த கொயோவாக்கான் வீட்டிலேயே வாழ்ந்து 1954-ல் அங்கேயே இறந்தார். தியேகோ 1957-ல் சான் ஆங்கெல் வீட்டில் இறந்தார். இப்போது அந்த இரட்டை வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. பிரிவுக்குக் காரணம் படிக்கட்டு என்று சொல்லமாட்டேன். கணவர் தம் மனைவிக்கு உண்மையாக நடக்கவில்லை. அதைச் சரிசெய்யும் சுவரையோ பாலத்தையோ எந்தக் கொத்தனாரும் கட்ட முடியாது. எனினும் இடையில் வைக்கும் வழி எப்படியிருக்க வேண்டும் என்பதை அந்த வீட்டிலிருந்து கற்றுக்கொள்ளலாம். இருவரில் யாருக்கு நடப்பது கஷ்டமோ அவருடைய காலை வைத்தே வழியை அளக்க வேண்டும். அக்காளுக்கு மூட்டுவலி. வரைபடத்தில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இரண்டு படி இருந்தது. அன்றைக்கே அதை அடித்துவிட்டோம்.

தனித்தனி வீடும் சேர்ந்த வாழ்வும் என்ற யோசனையை நம் திருச்சபையில் முன்பே கையாண்டவர்கள் அர்ச். புரூனோவின் மக்கள். அவர் 1084-ல் பிரான்சு தேசத்து மலைகளில் தொடங்கிய சபையில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு சிறு வீடு, ஒரு வேலையறை, ஒரு துண்டு தோட்டம். சாப்பாடு சுவரிலுள்ள சிறு கதவு வழியாக வரும். ஆனால் கோயிலுக்கு எல்லாரும் சேர்ந்து வரவேண்டும்; வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து நெடுந்தூரம் நடந்து பேசவேண்டும். தனிமையை விரும்பி வந்தவர்களுக்கே சந்திக்கும் நேரத்தைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது தங்கை, “அக்காவுக்கு அந்தச் சபைதான் சரி” என்றார். சிரித்தோம்.

பிறகு அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். வீடு கட்ட நினைக்கும் நீங்களும் செய்து பாருங்கள். ஒரு வாரம், வீட்டிலுள்ளவர் எழுவது, படுப்பது, யார் வருகிறார்கள், எந்தச் சத்தத்துக்கு முகம் சுளிக்கிறார்கள் என்று குறித்து வைக்கவேண்டும். ஆனால் தன்னைப் பற்றி அல்ல. மற்றவரைப் பற்றி எழுதவேண்டும்.

ஏழு நாள் கழித்து வந்தார்கள். அக்காள் தன் ஆஸ்பத்திரிப் பழக்கத்தின்படி நேரம் போட்டு எழுதியிருந்தார். “11 மணி: மிஷின் நிற்கிறது. 11.30: விளக்கு எரிகிறது. 1.00: விளக்கு எரிகிறது. டி.வி. சத்தமில்லாமல் ஓடுகிறது. 2.15: விளக்கு எரிகிறது.” ஆறு இரவுகள் அப்படியே. அக்காள் எட்டரைக்குப் படுக்கிறவர் அல்லவா, எப்படித் தெரியும் என்று கேட்டேன். “நைட் டியூட்டி பார்த்த உடம்பு சாமி. நடுவிலே முழிப்பு வரும். நான் கேக்கலை, அவளும் சொல்லலை” என்றார். தங்கை சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கணவர் போனதிலிருந்து இருட்டில் படுக்கப் பயமாக இருப்பதாகவும், சத்தம் இருந்தால் ஆள் இருப்பதுபோல் தோன்றுவதாகவும் சொன்னார். இத்தனை நாளும் அக்காள் அதைச் சொரணையில்லாத தொந்தரவு என்று எண்ணியிருந்தார்.

இப்போது வீட்டின் கணக்கே வேறாயிற்று. தங்கையை அக்காளிடமிருந்து எட்ட வைத்தால் அக்காளுக்குத் தூக்கம், தங்கைக்குப் பயம். இரண்டையும் கவனித்து, என்ஜினீயரோடு உட்கார்ந்து மாற்றி வரைந்தோம்.

தெருப் பக்கம் அகலமான திண்ணை. அதை ஒட்டித் தங்கையின் அறை, பத்துக்குப் பதினாலு அடி. தையல் சிறுமிகள் திண்ணையிலிருந்தே நேராக அங்கே வந்து போகலாம். வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. மிஷினின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர், ஏனெனில் அதன் அதிர்வு தரை வழியாகவும் ஓடும். நடுவில் சாமான் அறையும் சமையலறையும். அவற்றுக்குப் பின்னால், கிழக்குப் பார்த்து அக்காளின் அறை, ஒன்பதுக்குப் பத்து. சிறியதுதான். “கட்டிலும் சுரூபமேடையும் வைக்க இடம் இருந்தா போதும்” என்று அவரே குறைத்துக்கொண்டார். கதவு நிலைக்கு மேல் வெளிச்சக் கண்ணாடி வேண்டாம் என்று நீக்கினோம். காற்றுக்கு வெளிச்சுவர்கள் இரண்டிலும் ஜன்னல். மேற்குச் சுவரில் யாரையும் படுக்க வைக்கவில்லை. நம் ஊர் வெயிலை மாலை வரை குடித்துவிட்டு இரவெல்லாம் உள்ளே கக்கும் சுவர் அது. குளியலறையை அங்கே தள்ளினோம். யாருடைய அறைக்குள்ளும் நுழையாமல் இருவரும் போகலாம்.

இரண்டு சமையலறை வைக்கலாமா என்று என்ஜினீயர் கேட்டார். கூடாது என்று நான் கொஞ்சம் கடினமாகவே சொன்னேன். இரண்டு அடுப்பு வைத்த வீட்டில் காய்ச்சல் வந்தவருக்குக் கஞ்சி யார் வைப்பது? ஒரே சமையலறை. ஆனால் இரண்டு அலமாரி. அக்காளின் அலமாரியில் தங்கை கை வைக்கக்கூடாது. தங்கையின் அலமாரி ஒழுங்காயிருக்கிறதா என்று அக்காள் திறந்து பார்க்கக்கூடாது. பின்பக்கத் தாழ்வாரத்தில் நாலு பேர் சாப்பிடும் மேசை ஒன்று. மதியம் ஒரு மணிச் சாப்பாடு அங்கே சேர்ந்துதான். அது அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு.

இரவுப் பயத்துக்கு வழி சொன்னது, வயரிங் செய்ய வந்த பையன். தங்கையின் கட்டிலருகில் ஒரு பொத்தான், அக்காளின் தலைமாட்டில் ஒரு மின்மணி. அழுத்தினால் அங்கே ஒலிக்கும். செலவு சில நூறு ரூபாய். தங்கை உடனே சம்மதித்தார். அக்காள் காகிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பிறகு என்னிடம் பேனா கேட்டு, தன் கட்டிலருகே ஒரு பொத்தானையும் தங்கையின் அறையில் ஒரு மணியையும் தானே வரைந்தார். “எனக்கும் வயசாகுதில்லே” என்றார்.

வரும் மாதம் முதல் சனிக்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு அஸ்திவாரக் கல் மந்திரிக்கப் போகிறேன். திண்ணையின் உயரம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.