காவ்ரி மரத்தில் ஒரு கல் மாளிகை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நியூசிலாந்தின் வெலிங்டனில், லாம்டன் கீ தெருவில் உள்ள பழைய அரசு அலுவலகத்தைப் பார்த்துவிட்டு, "மரத்தைக் கல் மாதிரி செதுக்கி ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள் பெரியப்பா, இதற்கா இவ்வளவு மரியாதை?" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் இந்தக் கட்டடத்தின் மேல் அது வேண்டாம் அம்மா.

நான் வெலிங்டன் வந்தபோது அதன் மூலைச் சுவரை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு, கல்தச்சன் ஓரம் சீவி அடுக்கிய மூலைக்கற்கள். காதுக்கு, நம் வீட்டுப் பழைய பெட்டியைத் தட்டினால் வருகிற சத்தம். காவ்ரி மரம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விழும் நிழலுக்காக அந்தத் தச்சர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்!

1848 அக்டோபரில் பூமி குலுங்கியபோது அந்த ஊரின் செங்கல் வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தன. ஜனங்கள் மரத்துக்கு மாறினார்கள். 1855 ஜனவரி 23 இரவு அதைவிடப் பெரியது வந்தது; அதன் அளவு சுமார் 8.2 என்று மதிப்பிடுகிறார்கள். துறைமுகக் கரையே மேலே எழும்பிவிட்டது. மர வீடுகள் பெரும்பாலும் நின்றன. அவற்றின் மேலிருந்த செங்கல் புகைபோக்கிகள்தான் விழுந்தன.

இருபது வருஷம் கழித்துக் கட்டடக்கலைஞர் வில்லியம் கிளேட்டன் அரசு அலுவலகம் கட்ட வந்தார். கடலைத் தூர்த்த நிலம். இத்தாலிய மாளிகை போலக் கல்லில்தான் முதலில் நினைத்தார்கள். செலவும் தடுத்தது, நிலநடுக்க பயமும் தடுத்தது. செலவைச் சொல்லி அவர்களைச் சிறுமைப்படுத்தாதே. கையில் பணமிருந்தால் பயத்தை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். 1876இல் 143 அறைகளோடு எழுந்த அந்தக் கட்டடம் உலகின் மிகப்பெரிய மரக் கட்டடங்களில் ஒன்று. அரசு ஊழியர்கள் 1990 வரை அதில் வேலை பார்த்தார்கள். 1996இல் புதுப்பித்துச் சட்டப் படிப்புக்குக் கொடுத்தார்கள்.

மரத்துக்கும் எதிரி உண்டு, தீ. எதிரே இருந்த மர நாடாளுமன்றம் 1907இல் எரிந்தே போயிற்று. அலுவலகத்துக்குள் புகைபிடிக்க அந்தக் காலத்திலேயே தடை போட்டதற்கும் தீ பயம்தான் காரணம்.

அந்த ஊர் மறுபடியும் குலுங்கிய 2016 நவம்பர் 14 நள்ளிரவை நினைத்துப் பார். 2005இல் திறந்த, புள்ளியியல் துறை இருந்த கான்கிரீட் கட்டடத்தில் விட்டங்கள் நீண்டுகொடுக்க, தளப்பலகைகள் தாங்குமிடத்திலிருந்து நழுவி விழுந்தன. உள்ளே ஆள் இல்லாதது புண்ணியம். அங்கேயும் கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன்: எந்தப் பொருள் கௌரவம் என்பதை அப்புறம் பார்க்கலாம். உன் காலடி மண் முன்பு என்ன செய்தது என்று முதலில் விசாரி. கிளேட்டன் காலத்தவர்கள் அதை விசாரித்தவர்கள். கல்லின் அழகு அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதன் எடை வேண்டாம் என்று தெரிந்திருந்தது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படிப்பட்டவர்களும் அந்த மரக் கூரைக்கு மேலே 22 புகைபோக்கிகளை எழுப்பினார்கள். 1876இல் செங்கல்லில் கட்டியபோது அவை என்ன எடை இருந்திருக்கும், குலுக்கினால் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போட்டு அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பெரியப்பா