அதன் பின் என்ன?

பகவன் புத்தர் பரிநிர்வாணமுற்ற பின், கோசம்பி நகரில் உதேன மன்னனின் தேவிமார் ஆனந்தத் தேரருக்கு 500 மேலாடைகளைத் தானமாக ஈந்தனர். செய்தியறிந்த மன்னன் சினந்தான். ஒரு பிக்குவுக்கு இத்தனை ஆடை எதற்கு, துணி வாணிகம் நடத்தப் போகிறாரா என்பது அவன் ஐயம். நேரே சென்று வினவினான். சீவரம் நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். பழைய சீவரங்களை என் செய்வீர்? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். அதன் பின் தரைவிரிப்பு; அதன் பின் கால்மிதி; அதன் பின் தூசு தட்டும் துணி. அதுவும் இற்றுப்போனால் நறுக்கிச் சேற்றிற் குழைத்துத் தரைக்குப் பூசுவோம் என்றார். மன்னன் மகிழ்ந்து மேலும் 500 ஆடைகள் ஈந்தான். விநய பிடகத்துச் சுள்ளவக்கம் கூறும் வரலாறு இது.

இதனை வெறும் சிக்கனப் பாடமென்று கொள்ளலாகாது. மன்னன் விலையைக் கேட்கவில்லை. ‘அதன் பின் என்ன?’ என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டான். கடைத்தெருவில் நாமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

கோலார் தங்கவயலில் வாழும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1880இல் தொடங்கிய சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. பாறையைப் பொடியாக்கிச் சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தனர். பொன் போயிற்று, பொடி மட்டும் குன்று குன்றாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அது வீடு புகுந்து சோற்றிலும் படிகிறது. தோண்டியவர் நம் பாட்டன்மார். பொன்னை அணிந்தவர் வேறெவரோ.

நம் வீட்டுக் குப்பை அத்துணைப் பெரிதன்று. ஆயினும் காய்கறிக் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையைத் தேரரின் வழியில் நடத்திப் பாருங்கள். இரண்டாம் படியே அதற்கில்லை. எரித்தால் நச்சுப்புகை; எறிந்தால் சாக்கடையை அடைக்கும், அன்றி மாட்டின் வயிற்றிற் சேரும். 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகளை 2022 இறுதியிலேயே அரசு தடை செய்தது. கடைக்காரர் கொடுக்கிறார், நாமும் வாங்குகிறோம். பழைய வேட்டியில் ஒரு பை தைக்க அரை மணி நேரம் ஆகுமா?

உணவுக்கோ கேள்வியை முன்புறமாகவும் திருப்பலாம்: நம் தட்டுக்கு வருமுன் இது எவ்வளவு நீர் குடித்தது? கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறில்லை. நெல்லுக்கு நீர் கட்ட வேண்டும். கேழ்வரகோ மழையை நம்பியே விளையும். அக்களியை ஏழையின் உணவென்று நாணி ஒதுக்கியவர் நாமேதாம். இன்று வசதியுள்ளோர் அதனை மருத்துவர் சொற்படி தேடி வாங்குகின்றனர்!

பிறர்க்குச் சொல்லுமுன் நம் குறையையும் சொல்லிவிடுகிறோம். சென்ற வைசாகப் பௌர்ணமி அன்னதானத்தில் நாம் இட்டவை, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகள். மறுநாட் காலையில் அவற்றை விகாரைக்குப் பின்புறம் குவித்து எரித்தோம். புகை பிற்பகல் வரை அடங்கவில்லை. வரும் வைசாகத்துக்குத் தையல் இலைக்குச் சொல்லியாயிற்று. விலை சற்றுக் கூடுதல். அன்பர்கள் அதற்கும் சேர்த்துக் காணிக்கை அளிப்பாராக.