பர்சென்ட் இறங்கினால் போதுமா?

கண்டி மஹய்யாவயில் கட்டுகஸ்தோட்டை வீதியோரத்துப் போட்டோக்கொப்பிக் கடையொன்றில் போன மாதம் நின்றுகொண்டிருந்தேன். கம்பஸ் பிள்ளையொருத்தி பென்டிரைவை நீட்டினாள். "அண்ணே, முப்பத்திநாலு காட்டுது. இருபதுக்குக் கீழ இறக்கிக் குடுங்க, நாளைக்கே குடுக்கணும்." கடைக்காரத் தம்பி ஆய்வேட்டைத் திறந்து வரி வரியாகச் சொற்களை மாற்றத் தொடங்கினார். 'முக்கியமான' என்பது 'இன்றியமையாத' ஆனது, 'காட்டுகிறது' என்பது 'புலப்படுத்துகிறது' ஆனது. இருவர் முகத்திலும் கூச்சமில்லை. இது பிழை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

நம்பிக்கை: டர்னிட்டினில் சதவீதம் குறைந்தால் திருட்டு இல்லை.

டர்னிட்டின் என்ற மென்பொருள் அளப்பது ஒப்புமையை. உங்கள் சொற்கள் வேறெங்கே கிடக்கின்றன என்று தேடிக் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. திருட்டா இல்லையா என்று தீர்மானிப்பது மனிதர் வேலை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. மேற்கோள் குறியிட்டு, மூலத்தையும் காட்டிய நேர்மையான ஆய்வேடு முப்பது காட்டலாம். பிறர் சிந்தனையை அப்படியே எடுத்துச் சொல்லை மட்டும் மாற்றிய கட்டுரை பூச்சியம் காட்டலாம். அன்று கடையில் எடுத்த பொருள் எடுத்தபடியே இருந்தது. தடயம் மட்டும் அழிந்தது.

இந்தச் சொல் மாற்றும் வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2021இல் உலகமே பார்த்தது. பிரான்சின் துலூஸ் நகரத்துக் கணினியியலாளர் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் ஆய்விதழ்களில் புரியாத தொடர்கள் வருவதைக் கவனித்தார்கள். 'ஆர்டிஃபிஷல் இன்டெலிஜன்ஸ்' என்று வரவேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்', அதாவது கள்ள உணர்வு, என்றிருந்தது. 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'பூசம் பெரில்', அதாவது மார்பு ஆபத்து, ஆகியிருந்தது. திருடிய பத்தியை மென்பொருளில் போட்டுச் சொல் மாற்றியதில் துறைச்சொல்லும் சேர்ந்து சிதைந்திருந்தது. 'சித்திரவதை செய்யப்பட்ட தொடர்கள்' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்ற பெயரையே தொலைத்துவிட்ட ஒரு கட்டுரை பரிசோதகரைக் கடந்து, பதிப்பாசிரியரைக் கடந்து அச்சேறியிருக்கிறது என்றால், அதை யாரும் படிக்கவில்லை என்றுதானே பொருள்?

நம்பிக்கை: ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் அது என் சொந்த எழுத்து.

இதைத் தமிழ் படித்தவர்களே சொல்லக் கேட்கும்போது மனம் ஆறுவதில்லை. தொல்காப்பியம் வழிநூலை நான்காக வகுக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். மொழிபெயர்த்தது வழிநூல், முதல்நூலாக அது ஒருபோதும் ஆகாது. நன்னூலார் இன்னும் ஒருபடி போகிறார். சிறப்புப்பாயிரத்தில் சொல்லவேண்டியவற்றை அடுக்கும்போது, ஆசிரியர் பெயருக்கு அடுத்ததாக அவர் கேட்பது 'வழி', அதாவது இந்த நூல் எதன் வழியில் வந்தது என்பதை. அடிக்குறிப்பை மேற்குநாட்டார் நம் தலையில் கட்டிய சுமையாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எண்ணூறு வருடங்களுக்கு முன்பே இது நம்மிடம் இலக்கணமாக இருந்தது. சட்டமும் இதையே சொல்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமையும் அதன் சொந்தக்காரருக்கே உரியது.

நம்பிக்கை: மாணவர்தான் திருடுவார்கள், பெரியவர்கள் செய்யமாட்டார்கள்.

இந்தியாவின் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பி. எஸ். ராஜ்புத்தின் பெயரில் 2002இல் வந்த இயற்பியல் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டின் ரெனாட்டா கல்லோஷ் 1996இல் வெளியிட்ட கட்டுரையின் நகலாக இருந்தது. நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட ஸ்டான்ஃபோர்ட் அறிஞர்கள் அன்றைய இந்திய ஜனாதிபதி அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணை நடந்தது, 2003இல் துணைவேந்தர் பதவி விலகினார். அதற்கு முன், பல்கலைக்கழகத்துக்குள் இருந்து வாய்திறந்த இயற்பியல் துறைத் தலைவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். கள்வனைவிடக் காட்டிக்கொடுத்தவருக்குத் தண்டனை முந்தி வந்தது. நம் கல்விக்கூடங்களில் இளையவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது இதற்குப் பயந்துதான்.

நம்பிக்கை: 'சர்வதேசச் சஞ்சிகை' என்றிருந்தால் தரம் நிச்சயம்.

2013இல் ஜோன் பொஹனன் என்ற எழுத்தாளர், இல்லாத ஆய்வாளர் பெயரில், வேண்டுமென்றே பிழைகள் நிறைத்த ஒரு புற்றுநோய்க் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

மஹய்யாவயில் நகரசுத்தித் தொழிலாளர் வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகக் கம்பஸ் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட இதழ்களிலிருந்து டொலரில் பணம் கேட்டு வரும் மின்னஞ்சலில் அதிகம் ஏமாறக்கூடியவர்கள் அவர்கள்தான். கேட்டறிய வீட்டில் ஆளில்லை. தம்பி, தங்கச்சி, 'மூன்று நாளில் பிரசுரம்' என்று எவன் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். நல்ல இதழ்கள் இங்கேயே உண்டு. சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ் பக்கத்திலுள்ள பேராதனையிலிருந்தே வெளிவருகிறது. சிலோன் மெடிக்கல் ஜேர்னலுக்கு 1887இலிருந்து வரலாறு உண்டு. ஓர் இதழின் பெயர் புதிதாகத் தெரிந்தால் பல்கலைக்கழக நூலகரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் அதற்குக் காசு கேட்கமாட்டார்.