பழைய புல்லட் வாங்கப் போகிறீர்களா?

திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350 மீது ஆசைப்படாத பைக் பிரியர் குறைவு. அந்த ஆசையில் பெயின்ட்டின் பளபளப்பை மட்டும் பார்த்து ஒரு வண்டியை நானும் வாங்கினேன். மூன்றே மாதத்தில் இன்ஜினை இறக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு அது நேரக்கூடாது.

செய்ய வேண்டியவை

• முதலில் நம்பரைப் பாருங்கள். சேஸிஸ் நம்பர் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் இருக்கும். இன்ஜின் நம்பர் க்ராங்க்கேஸில் இருக்கும். இரண்டும் ஆர்.சி. புக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம்பர் அடித்த இடம் ராவியதுபோல் வழவழப்பாக இருந்தாலோ, எழுத்துகள் கோணலாக இருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜின் மாற்றிய வண்டியென்றால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

• காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே போங்கள். சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஆறும்வரை காத்திருங்கள். பலநாள் நின்ற புல்லட்டில் ஆயில் க்ராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும், அதனால் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் புகை வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். வண்டி நன்றாகச் சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் ரிங், போர், வால்வு கைடு எல்லாவற்றுக்கும் செலவு காத்திருக்கிறது.

• பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது.

• டேங்குக்குள் டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

• பழைய புல்லட்டிலேயே கை பழகிய மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

செய்யக்கூடாதவை

• பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் விலை கொடுக்காதீர்கள். சிறு காந்தம் ஒன்றை டேங்கிலும் மட்கார்டிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாகப் பூசியிருக்கிறார்கள்.

• “புக் தொலைஞ்சிடுச்சு சார், டூப்ளிகேட் எடுத்துக்கலாம்” என்ற பேச்சை நம்பாதீர்கள். டூப்ளிகேட்டை விற்பவரே எடுத்துத் தரட்டும். வேறு மாநில வண்டியென்றால் என்.ஓ.சி. இல்லாமல் தொடவே வேண்டாம்.

• ‘விண்டேஜ்’ என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போய்வர முடியாது.

• பழகாமல் நெரிசலான சாலையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பதற்றத்தில் வலது கால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடும். காலி மைதானத்தில் அரைமணி நேரமாவது ஓட்டிப் பழகுங்கள்.

• பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் கண்முன் கையெழுத்துப் போடும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.